பச்சைக் கதவு வந்த எபிசோடு

எங்கள் வீட்டில் எந்தக் கதையையும் எழுதியவன் முடித்தபடி யாரும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆங்கிலச் சேனலில் விண்வெளித் தொடர் ஒன்று வரும். அது முடிந்து விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சரி, இப்ப நம்ம எபிசோடு" என்பார். அந்த வாரக் கதை எங்கே கோணலாகப் போனது, எப்படிப் போயிருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் வேறு பெரிய சட்டங்கள் எதுவும் கிடையாது.

தொடரின் கதை இதுதான். பிரம்மாண்டமான ஒரு கப்பல், எங்கோ ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்ட ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அது போகிற வேகத்தில் உள்ளே இருப்பவர்களுக்குக் காலம் மெதுவாக ஓடும். ஊரில் இருப்பவர்களுக்குக் கடகடவென்று ஓடிவிடும். உலகம் முழுக்க எல்லோருக்கும் கேப்டனைத்தான் பிடிக்கும். எங்கள் அத்தாவுக்கு, மனைவியையும் சின்ன மகளையும் ஊரில் விட்டுவிட்டுக் கப்பலின் அடித்தளத்தில் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கைத்தான் பிடிக்கும். அத்தாவும் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர்.

"கேப்டனுக்கு இன்னா, மேல குந்திகினு பட்டன் தட்டுறான். கீழ இவன் இல்லன்னா வண்டி நவுருமா?" என்பார். அவருடைய எபிசோடில் எல்லா வாரமும் மெக்கானிக்குக்குச் சம்பள உயர்வு வரும், கேப்டன் மன்னிப்புக் கேட்பான். நான் அப்போது பிளஸ் டூ. இயற்பியல் புத்தகத்தின் முதல் இரண்டு பாடத்தை வைத்துக்கொண்டே தொடரை எடுத்தவர்களுக்கு அறிவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். வெற்றிடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்று வாராவாரம் கத்துவேன். அம்மா மட்டும் வாயே திறந்ததில்லை. பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்களுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு பாதி பார்ப்பார், பாதி பார்க்கமாட்டார். "நீயும் ஒண்ணு சொல்லு" என்று அத்தா கேட்டால், "எனக்கு என்ன தெரியும், நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. கட்டணச் சேனல் பார்க்க வேண்டுமென்றால் டிவிக்குத் தனியாகப் பெட்டி வாங்க வேண்டும் என்று சென்னையில் விதி வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் எங்கள் சேனல் இருந்த இடத்தில் வெறும் புள்ளிதான். தொடர் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. அதே சமயத்தில் அத்தாவின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேச்செடுக்கக்கூட ஆளில்லை.

மண்ணடியில் ஒரு ஏஜெண்ட் மூலமாக அத்தாவுக்கு வளைகுடாவில் ஒர்க்‌ஷாப் வேலை அமைந்தது. மூன்று வருட ஒப்பந்தம். பெருநாள் முடிந்ததும் பயணம். ஏஜெண்ட்டைப் பார்க்க வேண்டும் என்று அத்தா ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெளியே போய்விடுவார். அவர் போனால் நான் இஞ்சினியரிங் சேரலாம், போகாவிட்டால் முடியாது. இவ்வளவுதான் கணக்கு. அதனால் அவர் போவதில் எனக்கு வருத்தத்தைவிட அவசரம்தான் அதிகம். அம்மா போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சமையலில் உப்பு மட்டும் கூடியும் குறைந்தும் வந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை, அம்மா பள்ளியிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, "உங்க கப்பல் கதை நேத்து வந்துச்சாம்" என்றார். அஸ்தினாபுரத்திலிருந்து வரும் ஒரு டீச்சர் வீட்டில் பெட்டி இருக்கிறதாம். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் கதை முழுக்கச் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தா சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அம்மா சொல்ல ஆரம்பித்தார்.

நோன்பு மாதம் வந்தபிறகு திங்கள்தோறும் நோன்பு திறந்து, கஞ்சியும் வடையும் முன்னால் வைத்துக்கொண்டு கதை கேட்போம். அம்மா இவ்வளவு நன்றாகக் கதை சொல்வார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் கதைதான் போகாத இடத்துக்கெல்லாம் போனது. ஒரு வாரம், மெக்கானிக்குக்கு ஊரிலிருந்து வந்த செய்தியில் மகள் ருதுவாகிவிட்டாள். இன்னொரு வாரம், ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள், அவனும் தலையாட்டிவிட்டான். அதற்கடுத்த வாரம், அவன் மனைவி மூன்று தட்டு எடுத்து வைத்த பழக்கத்தை விட்டு இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள்.

"விண்வெளித் தொடர்ல யாராவது தட்டு எடுத்து வெக்கறத காட்டுவாங்களா? கேப்டன் எங்கே, எதிரிக் கப்பல் எங்கே?" என்று நான் பொரிந்து தள்ளினேன். அத்தா வழக்கமாகச் சொல்லும் திருத்தம் எதையும் சொல்லவில்லை. கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

கடைசித் திங்களன்று மெக்கானிக் ஊர் திரும்பினான். கப்பலில் அவனுக்குக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டு வாசலில் நின்று பச்சைக் கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். அவன் மகள்தான், ஆனால் அவனைவிட வயது மூத்தவள். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு வேணும்?" என்று கேட்கிறாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்ளோதான். முடிஞ்சுடுச்சாம்" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வாரம் பார்த்தது இதற்காகவா? அவன் என்ன ஆனான், அவள் கதவைத் திறந்தாளா, ஒன்றுமே சொல்லாமல் எப்படி முடிப்பார்கள்? கோபத்தில் வழக்கம்போல் அறிவியலைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் கப்பல் விடுகிற காலத்தில் கதவுக்கு எவன் பச்சைப் பெயிண்ட் அடித்துச் சங்கிலி மாட்டுவான் என்று கேட்டேன். அத்தா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து தொழப் போனார். பாதிக் கஞ்சி அப்படியே இருந்தது.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மறுநாள் கேம்ப் ரோட்டில், பிளைவுட் தடுப்பு வைத்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தத் தொடரின் ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு விவாத மேடை இருந்தது. அங்கே போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். ஓர் அப்பாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு முடிக்க வெட்கமாக இல்லையா, மகள் சங்கிலியைக் கழற்றுவதுபோல் திருத்தி எடுங்கள் என்று எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது என் பதிவை அங்கே காணோம். தேடினேன். மேடையை நடத்துபவர் அதைத் தூக்கி 'ரசிகர்கள் திருத்தி எழுதியவை' என்ற பகுதியில் போட்டிருந்தார். அந்தப் பகுதியில் செத்த தளபதிக்கு உயிர் கொடுத்தவர்கள், கேப்டனுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்கள், வில்லனைத் திருத்தி நல்லவனாக்கியவர்கள் என்று ஆயிரம் பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் உலகமே செய்துகொண்டிருந்தது. என் பதிவுக்குக் கீழே ஒருவர், எந்த நாட்டில் இந்த எபிசோடு ஒளிபரப்பானது என்று கேட்டிருந்தார். இன்னொருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். கடைசி எபிசோடில் மெக்கானிக் பத்திரமாக ஊர் திரும்புகிறான், கப்பல் இறங்குகிற இடத்துக்கே மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். தட்டும் கிடையாது, கதவும் கிடையாது. மூன்றாமவர், நீங்கள் எழுதியதுதான் நிஜ முடிவாக இருந்திருக்க வேண்டும், அந்தச் சங்கிலியை என்னால் மறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

நான் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஊரில் இருக்கிற எல்லாக் கதையையும் திருத்துகிறோம் என்று நானும் அத்தாவும் நாட்டாமை செய்துகொண்டிருக்க, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் எங்கள் கண்ணெதிரே முழுத் தொடரையே மாற்றிவிட்டார். அவர் எதற்காகச் செய்தார் என்பது புரிய எனக்கு வீடு வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் பயமாக இருந்தது. அத்தா அந்தத் திங்களிலிருந்து பயணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வடைக்கு ஊறிய பருப்பை வடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த டீச்சர் வீட்ல நிஜமாவே பொட்டி இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அதுல அவங்க மாமியார் மருமக சீரியல்தான் பாக்கறாங்க" என்றார். ஒளிக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

"அவன் நல்லபடியா திரும்பி வந்துட்டாம்மா. நிஜத்துல. பொண்ணு ஓடி வந்து கட்டிக்கிச்சாம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு அடையாளம் தெரிஞ்சுதாமா?" என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எனக்கு அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அம்மாவின் அத்தா மலேசியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், அம்மா நாலாம் வகுப்புப் படிக்கும்போதுதான் திரும்பினார். அவர் வந்து நின்ற நேரம் அனகாபுத்தூரில் இருந்த அவர்கள் வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை.

"தெரியாதவங்களுக்குக் கதவத் தொறக்காதன்னு எங்கம்மா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. நான் சங்கிலியப் போட்டுக்கிட்டே யாரு வேணும்னு கேட்டேன். அவர் என் பேரைச் சொன்னார். அப்பவும் தொறக்கல. பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து சொன்னப்புறம்தான் தொறந்தேன். அந்த மனுஷன் மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? கடைசி வரைக்கும் எனக்கு அவரை வாய் நெறைய அத்தான்னு கூப்பிட வரல."

சொல்லிவிட்டுப் பருப்பை அரைக்கப் போனார். சண்டை போடுவதற்காக எழுத்தாளனைத் தேடி உலகம் முழுக்க அலைந்திருக்கிறேன், எழுதியவர் மிக்சியைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறார். அவர் மேல் கோபம் வந்தது. அத்தாவை ஏமாற்றி உட்கார வைக்கிறாரே, என் படிப்பு என்ன ஆவது என்றும் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொன்னால் அது நான் திருத்தியதாகத்தான் இருக்கும்.

பெருநாளுக்கு முந்தைய வாரம் அத்தா மண்ணடிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார். "போவல" என்றார். பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை இருக்கிறதாம், சம்பளம் பாதிதான். அன்றைக்குச் சமையலில் உப்பு சரியாக இருந்தது.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு பொய்க் கதையைக் கேட்டு ஒருவர் வளைகுடா வேலையை விட்டிருக்கிறார், அது அவருக்குத் தெரியாது. பெருநாள் துணி வாங்க அத்தாவின் டிவிஎஸ் ஃபிப்டியில் ராதா நகர் தையல்காரரிடம் போனோம். குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றார். இதற்கு மேல் முடியாது என்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அத்தா, அம்மா சொன்ன கதை நெஜமில்ல."

"தெரியும்" என்றார், திரும்பாமலே.

எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் எங்க போனேன்னு நெனச்ச? ஏஜெண்ட்ட பாக்கவா? அவன் ஞாயித்துக்கெழம கடைய தொறப்பானா? நம்ம கேபிள்காரன் ரூமுக்குப் போய்க்கினு இருந்தேன். அவன்கிட்ட பொட்டி கீது. எல்லா எபிசோடும் பார்த்துட்டேன். கடைசியில பொண்ணு ஓடியாந்து கட்டிக்கினுச்சு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வேலைய விட்டீங்க? அம்மா சொன்னது எல்லாம் கட்டுக்கதைதானே?"

ஒரு மின்சார ரயில் தாம்பரத்தை நோக்கிப் போனது.

"நீ அனகாபுத்தூர் வூட்டு பச்சைக் கதவ பார்த்ததில்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த வூட்ட வித்துட்டாங்க. நான் பொண்ணு பாக்கப் போனப்ப அந்தச் சங்கிலிய எடுத்துட்டுதான் என்னை உள்ள வுட்டாங்க" என்றார். அப்புறம் வண்டியின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேந்து நீயும் ஒண்ணு சொல்லு, நீயும் ஒண்ணு சொல்லுன்னு உங்கம்மாவ கேட்டுகினே கீறேன். இத்தினி வருசத்துல இப்பதான் அவ ஒரு எபிசோடு சொன்னா. அத கேட்டுட்டு எப்பிடி போவ முடியும்?"

கேட்டைத் தூக்கினார்கள். பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அத்தா வண்டியைக் கிளப்பும் முன் சொன்னார்:

"எனக்குத் தெரியும்னு வூட்ல சொல்லிடாத."