சோணையின் சவ்வில் ஒரு பொடி

காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் சோணைக்கு அட்டெண்டர் உத்தியோகம். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டடித்துப் படிப்பை விட்ட மனுசர். ஆனாலும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கிரிட் தயார் பண்ண அவரை விட்டால் ஆளில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கைவைத்தால் சவ்வு கிழியும்.

கிரிட் என்பது பார்க்கவேண்டிய பொருளைச் சவ்வின்மேல் தாங்கும் மூக்குத்தியளவு செம்பு வலைத்தட்டு. கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டிக் கரைசலில் முக்கிக் காயவைத்து, ஓரத்தைப் பிளேடால் கீறி, தண்ணீர்த் தட்டில் சாய்வாக இறக்குவார். சவ்வு கழன்று மிதக்கும். நேரே பார்த்தால் ஒன்றுமிருக்காது. தலையைச் சாய்த்தால் தண்ணீர்மேல் வெள்ளி நிழலொன்று படுத்திருக்கும். அதன்மேல் கிரிட்டுகளை அடுக்கிக் காகிதத்தால் ஒற்றி எடுப்பார்.

எழுபத்து நாலாம் வருசம் ஆடியில் மஞ்சள் காமாலை அவர் மனைவி அழகியைக் கொண்டுபோனது. சாம்பலைத் தேவிபட்டினம் கடலில் கரைத்தார். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு சிட்டிகையைத் திருநீற்றுச் சம்புடத்தில் கலந்துகொண்டதும், தினமும் அதைப் பட்டையாக இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்ததும் அவர் மட்டும் அறிந்த சங்கதி. அதை வீட்டில் வைக்கக்கூடாது என்பதையும் அறிவார்.

அந்த வாரத்திலிருந்து கிரிட்டுகளில் பொடி விழ ஆரம்பித்தது.

மைக்ரோஸ்கோப் அறையின் இருட்டுக்குள் அவரைக் கூப்பிட்டார் அதை இயக்கும் விஞ்ஞானி தண்டாயுதபாணி சார். பச்சை வெளிச்சத் திரையில் கறுப்புச் செதில்கள்.

"வெள்ளிக்கிழமை டெல்லிக்குப் படம் போகணும் சோணை. இன்னொரு தடவை இப்படி வந்தா உங்களக் கேஸ் சிலிண்டர் உருட்டுற கொட்டகைக்கு மாத்தச் சொல்லிட்டாரு டைரக்டர்."

சோணை குனிந்தார். செதிலொன்று மெல்ல நகர்ந்தது.

"இது நடக்குது சார்."

"சூட்டுக்குச் சவ்வு இழுபடும். அதான்."

சோணையின் விரல் தன் நெற்றிக்குப் போய்த் திரும்பியது. விரல்நுனியில் சாம்பல். "அழகி," என்றார், மூச்சோடு மூச்சாக. செதில் நின்றது.

சார் நிமிர்ந்தார். "யாரக் கூப்பிட்டீக?"

"யாரையுமில்ல சார்."

மறுநாள் தலைக்குக் குளித்து, சம்புடத்தை அடுக்குப்பானைக்குள் வைத்து, "ஒரு நாளு பொறுத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டு வெறும் நெற்றியோடு கிளம்பினார். கேட்டிலேயே பிடித்துக்கொண்டான் சிலிண்டர் உருட்டும் கோட்டைச்சாமி.

"என்ன மச்சான், கட்சி மாறிட்டியா? நெத்தி துடைச்ச மாதிரி இருக்கு!"

"போடா, ஒன் வேலயப் பாரு."

"எங்குட்டுப் போக? நாளைக்கு நீயே இங்குட்டுத்தான வரப்போற."

புதுப் பனியன், வாய்க்கு வெள்ளைத் துணி. இருபது கிரிட்டுகள் செய்தார்.

முதல் மூன்றையும் பார்த்துவிட்டுச் சார் சிரித்தார். "பால் மாதிரி இருக்கு. தப்பிச்சீக. மேசை ஒங்களுதுதான்."

சோணை நகரவில்லை.

"மிச்சத்தையும் பாத்துருங்க சார்."

"மூணு போதும்யா."

"பாருங்க சார்."

ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்புக்குள் தள்ளிக் காற்றை உறிஞ்சி முடிக்கச் சில நிமிடம் பிடிக்கும். நான்கு, சுத்தம். ஒன்பது, சுத்தம். நல்ல சேதிதான். ஆனால் ஒவ்வொரு சுத்தத்துக்கும் அந்த மனுசர் இன்னும் கொஞ்சம் கூனிக்கொண்டே போனார். பதினாறு, சுத்தம்.

பதினேழில், கட்டமொன்றின் நட்ட நடுவில், ஒரே ஒரு செதில். எவ்வளவு நேரம் பார்த்தும் அது அசையவில்லை.

சம்புடம் வீட்டில். குளித்தாயிற்று, துணி புதுசு. எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

"இத எறிஞ்சிறவா?" என்றார் சார்.

"எங்கிட்டக் குடுத்துருங்க."

சார் அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். இடுக்கியால் கிரிட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். விளக்கைப் போட நீட்டிய கையை ஏனோ இழுத்துக்கொண்டார்.

"பதினெட்டாவதப் பாப்பமா சோணை?"

"வேணாம் சார்," என்றார் சோணை. "போதும்."