வாட்டிய தலையை வாங்கியவன்

போன மாதம் மலைமேல் வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பக்கத்து விடுதியில் மகள் எனக்குப் பார்பிக்யூ வாங்கிக் கொடுத்தாள். கம்பியில் கோத்துச் சுட்ட கோழி. அர்ஜென்டினாவில் கறி சுடுபவருக்கு எல்லோரும் கைதட்டுவார்களாம், கொரியாவில் மேசையிலேயே சுட்டு இலையில் சுருட்டித் தின்பார்களாம். செல்போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனாள். எனக்கோ அந்தப் புகையில் ஒன்று குறைந்தது. ஆட்டு ரோமம் கருகுகிற வாசனை. முகம் சுளிக்காதீர்கள், அது வாசனைதான்.

அதே மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் நான் வேளாண்மை உதவியாளராகச் சேர்ந்த புதிது. நாமக்கல்லுக்கு மாற்றல் கேட்டு மனுப் போடுவதுதான் என் முக்கிய வேலை. இடையிடையே மிளகுக் கொடிகளையும் பார்ப்பேன். அப்போது சடையன் என்ற விவசாயி ஊர்த் திருவிழாவான கோயில் நோம்பிக்குக் கூப்பிட்டார்.

வெட்டிய கிடாயின் தலையைக் குச்சியில் குத்தி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசி, இலையில் வைத்து ஒவ்வொருவரிடமாக நீட்டினார். எல்லோரும் கும்பிட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்காக மறுக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரிலும் மூன்று தரம் வேண்டாம் என்றுவிட்டுத்தான் இலையில் உட்காருவோம். ஆனால் தலைக்கறி என்றால் எனக்கு உயிர். முதல் தரமே இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். ஒதுங்கியவர்களெல்லாம் திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்றார்கள்.

சடையன் என் நெற்றியில் திருநீறு பூசினார். "அடுத்த நோம்பிக்கு உங்க ஊட்டுக் கிடாங்க, சார். நீங்களே புடிச்சாந்து நிக்கோணும். ஆள் உடக் கூடாதுங்க."

தலையை வாங்குகிறவன், அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பேன் என்று சாமிக்கு வாக்குக் கொடுக்கிறான். அந்த ஊரில் நண்டு சிண்டுக்கும் இது தெரியும். படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

குட்டி ஒன்று வாங்கிக் கட்டினேன். அது ஆபீஸ் நாற்றங்காலை மேய்ந்து கொழுத்தது. எட்டாம் மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. உத்தரவைப் பார்த்தேன், கிடாயைப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று போட்டேன். கிடா என்று எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்கள். நோம்பியன்று கிடாயோடு போய் நின்றபோது, அதுவரை ஆபீஸ்காரர் என்றவர்கள் நம்மூர்க்காரர் என்றார்கள். அப்புறம் பதினோரு வருஷம் அங்கேயே இருந்தேன், சந்தோஷமாக.

விடுதியிலிருந்து நேரே சடையன் வீட்டுக்குப் போனேன். போன நோம்பியில் தலையை வாங்கியது யார் என்று கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் திருப்பூரில் இருக்கிறார்கள், வந்த மறுநாளே பஸ் ஏறிவிடுகிறார்கள் என்றார். அடுத்த வருஷம் லீவு கிடைக்குமா என்று எவருக்கும் தெரியாதாம். அதனால் சாமிக்கு ஒரு சேவலோடு சரி. பந்திக்கு அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து கறியாகவே வந்துவிடுகிறதாம்.

"கிலோக் கணக்குல வாங்குனா தலை வராதுங்களே, சார்" என்றார்.