குடுவைக்குச் சுற்றிய உப்பு

புக்கிட் ரம்பாயில், நோய்ச் சோதனைப் பட்டை செய்யும் தொழிற்சாலையில் என் தகுதிகாண் காலம் முடிய ஒரே நாள்தான் இருந்தது. அதற்கு முன் பெட்டி மடிக்கும் பிரிவில் இருந்தேன். டிப்ளோமா படித்தவள் என்று வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லி, மூன்று மாதத் தவணையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தேன். இரண்டு குடுவைகளைக் கெடுத்தாயிற்று. மூன்றாவதும் கெட்டால் மறுபடியும் பெட்டிதான்.

காய்ச்சலென்றால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு உண்மையில் தங்கம். கண்ணுக்கே தெரியாத அளவு பொடியான தங்கம் தண்ணீரில் மிதந்தால் ரோஜா சிராப் கலந்த தண்ணீர்போலச் சிவப்பாக இருக்கும். நோயைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடியை அந்தத் துகள்களின் மேல் ஒட்டவைப்பதுதான் என் வேலை. ஒட்டியதா என்று பார்க்க, கொஞ்சம் தனியே எடுத்து உப்புத் தண்ணீர் விடுவோம். சிவப்பு மாறாவிட்டால் ஒட்டிவிட்டது. ஒட்டாத தங்கம் உப்பைக் கண்டதும் கூட்டம் கூடி நீலமாகிவிடும். எனக்கு இரண்டு தடவையும் நீலம். தங்கத்துக்கு என்மேல் என்ன கோபமோ.

அமிலத்தன்மையை நான் சரியாக அளக்கவில்லை என்றார் மேற்பார்வையாளரான மலாய்க்காரப் பெண்மணி. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, ரெம்பியாவிலிருந்து என்னோடு ஒரே வேனில் வருபவர், அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி மடிக்கும் பெண்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, என்ன அழகான கலர் என்று வாயைப் பிளக்கிறார்களாம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அன்று அமிலத்தன்மையை மூன்று தடவை அளந்தேன். ஆன்டிபாடியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குடுவைக்குள் காந்தக் குச்சி சுழன்று கலக்கிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கழிவறைக்குப் போய் வந்துவிடலாம் என்று ஓடினேன்.

திரும்பி வந்தால், அக்கா மூடிய கையைக் குடுவைக்கு மேலே இடமும் வலமுமாகச் சுற்றிக் கண்ணேறு கழித்துக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் அவர் கை திறந்துகொண்டது. ஒரு சிட்டிகைக்கு மேலேயே கல்லுப்பு உள்ளே விழுந்தது. கூடவே ஒரு காய்ந்த மிளகாய். உப்பு கரைந்தது. மிளகாய் மட்டும் சாமி வலம் வருவதுபோல நிதானமாகச் சுற்றியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவைப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். நடுவில்தான் குடுவையைப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது.

சத்தம் கேட்டு வந்த மேற்பார்வையாளர், இங்கே யார் சமைப்பது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பத்து நிமிடம் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றார். நிறம் மாறவில்லை. நாம் சோதனைக்கு விடும் உப்பைவிட இது அதிகம், அதையே தாங்கிவிட்டது என்றார். இதைக் கொட்டிவிட்டு, நாளைக்கு மிளகாய் இல்லாமல் இதேபோல் செய்யச் சொன்னார். என் பெயரை ஆய்வுக்கூடத்துக்கே எழுதிவிட்டார். அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்.

சாயங்காலம் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வேனுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"தப்பு என்னோடதுதாம்மா. கண்ணு பட்டது உன்மேல, நான் போய் போத்தல சுத்திக்கிட்டு இருந்தேன். வா, இப்படிக் கெழக்க பாத்து நில்லுலா."

கையில் புது உப்பு, புது மிளகாய். வேனிலிருந்த பெட்டி மடிக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். சுற்றி முடித்துக் கையை என் வாய்க்கு நேராக நீட்டினார். மத்தியானம் அவரைத் திட்டிய வாயாலேயே மூன்று தடவை துப்பினேன்.