ஆணி அடிக்கக் கூடாத வீடு

வீட்டைக் கட்டிப் பார் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். பழைய வீட்டை வாங்கித் திருத்திப் பார் என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை.

இந்தக் குளிர் நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்து, எண்பத்தேழில் பார்க்டேலில் நாங்கள் வாங்கிய வீட்டின் குசினியில் அடுப்படிச் சுவர், ஒக்டோபர் மழையில் ஊறிப் பொருமியது. போர்த்துக்கீசக் கொன்ராக்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பலகைகளைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மரச்சட்டங்கள் உக்கிப்போயிருந்தன. பனி கொட்டுவதற்குள் புதிது அடிக்காவிட்டால் சுவர் நிற்காது என்றார்.

மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். வேலையால் வந்தவள் சுவரைக் கண்டதும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வயித்திலை பிள்ளை இருக்கேக்கை வீட்டிலை ஆணி அடிக்கக் கூடாது. உந்த ஆளைப் போகச் சொல்லுங்கோ."

"சுவர் விழுந்தால் என்ன செய்யிறது?"

"விழட்டும். இன்னொரு பிள்ளையை என்னாலை குடுக்கேலாது."

எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்த கிழமை, நான் வாடகை அறைச் சுவரில் சாமிப்படம் வைக்கும் தட்டை ஆணி வைத்து அடித்திருந்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயத்துக்கு நம்பிக்கை எதற்கு? வேலையை நிறுத்தச் சொன்னேன். காரணத்தை இங்கிலீசில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டையைப் பிளாஸ்டிக்கால் மூடி, ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுப் போனார். இரவெல்லாம் அது படபடத்தது. இருதலைக் கொள்ளி எறும்பாக நான் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் அவள் என்னை எழுப்பினாள்.

"ராத்திரியிலையிருந்து பிள்ளை அசையேல்லை."

ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சிக்கு டெலிபோன் எடுத்தேன். விலாசம் சொல்லும்போது நாக்குக் குழறியது. அவள் கதிரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. காற்றில் பிளாஸ்டிக் கழன்றிருக்கும் என்று நினைத்து, கொன்ராக்டர் தானாகவே வந்து அதை ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. பின்கதவுக்குப் பாய்ந்தேன்.

"நில்லுங்கோ!" என்று அவள் கத்தினாள். "மறிக்காதேங்கோ. உதைக்குது."

அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஆணி முடிந்து சத்தம் நின்றது. அவள் முகம் மறுபடி வெளிறியது.

"இன்னும் அடிக்கச் சொல்லுங்கோ."

வெறுங்காலோடு வெளியே ஓடி அந்த மனிதரிடம் கெஞ்சினேன்: எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம்.