அவர் தண்ணீரில் நிற்கும் உடுப்பு

என் கணவர் ஸ்காட்லாந்தில் ஒரு மீன் பண்ணையில் வேலை செய்கிறார். போய் இரண்டு வருஷம் கழித்து முதல் முறையாக லீவில் வந்தார். பெட்டியைத் திறந்தபோது சாக்லேட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில் பச்சை நிறத்தில் ஒரு உடுப்பு மடித்து வைத்திருந்தது. கால்சட்டைதான், ஆனால் மார்பு வரை ஏறும். தோளில் மாட்ட வார் இருந்தது, பாதத்தையும் சேர்த்தே தைத்திருந்தார்கள். ஆற்றில் இறங்கி வேலை செய்கிறவர்கள் போடுவதாம். "வேடர்ஸ்" என்றார். வேட்டைக்குப் போகிறவர்கள் போடுவதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இத எதுக்கு இவ்ளோ தூரம் தூக்கினு வந்தீங்க?"

"ஈரம் வாங்குது. அங்க சரி பண்ண நேரமே கெடைக்கல. லீவுல பண்ணிக்கலாம்னு எடுத்துனு வந்தேன்."

லீவு என்ன லீவு? பெருமுக்கல் மலைக்கோயில், பெரிய முதலியார்சாவடியில் ஒரு கல்யாணம், தினம் யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு. எங்கள் இருவருக்கென்று ஒரு பொழுதும் வாய்க்கவில்லை. கிளம்பும் நாள் நெருங்கிய பிறகுதான் அவருக்கு அந்த உடுப்பு ஞாபகம் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் கழுவெளி ஏரியில் இறங்கிப் பார்த்தார். ஏறி வந்தபோது உள்ளே போட்டிருந்த பேன்ட் முட்டி வரை நசநசவென்று இருந்தது.

ஓட்டை என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு கால்களிலும் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்தோம். ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

"ஓட்டை இல்லம்மா," என்றார். "மேல்துணி தண்ணி குடிச்சுடுச்சு. புதுசுல தண்ணி பட்டா உருண்டு ஓடிடும். இப்ப அப்படியே ஊறிப் போவுது. அதனால உள்ள இருக்கிற வேர்வை வெளிய போக வழியில்ல. அந்த ஈரம்தான் இது."

நான் மரக்காணத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். வேலை இல்லாத மதிய நேரத்தில் இருவரும் அங்கே போனோம். கழுவெளியின் உப்புச் சேறு போக நல்ல தண்ணீரில் அலசினோம். சோப்புத் தூளை எடுத்தேன், கையைப் பிடித்துவிட்டார். தூள் துணியில் தங்கினால் அதுவே தண்ணீரை இழுக்குமாம். அதற்கென்று அவர் கொண்டுவந்திருந்த திரவத்தில் கையாலேயே கசக்கினோம். தண்ணீர் வடிந்து ஈரம் மட்டும் மிச்சம் இருக்கும்போது, இன்னொரு பாட்டிலில் இருந்த, தண்ணீர் ஒட்டாமல் செய்யும் மருந்தை மேலே ஸ்ப்ரே பண்ணினார். திட்டுத்திட்டாக நின்றதை நான் துண்டால் ஒற்றி எடுத்தேன். கடைசியில் சூடு காட்ட வேண்டும். சூடு பட்டால்தான் அது துணியில் பிடிக்குமாம்.

"டிரையர் இருக்குதே," என்றேன்.

நாற்காலியில் அதை உட்கார வைத்தமாதிரி போட்டு, முட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.

"ரொம்பக் கிட்ட புடிக்காத. அப்படியே நகத்திக்கினே இரு."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

சிரித்தார். இரண்டு வருஷமாக அவரை ஃபோனில் நெஞ்சுக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே அவர் எதில் நிற்கிறார் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"குளிர் காலத்துல காலையில எறங்குனா சாப்பாட்டுக்குத்தான் ஏறுவோம். முட்டிக்குக் கீழ கால் இருக்குதான்னே தெரியாது. குனிஞ்சு பாத்துக்குவேன்."

"ஃபோன்ல எல்லாம் நல்லா இருக்குதுன்னுதானே சொல்வீங்க?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ?"

"அழுவேன்."

"அதான் சொல்லல."

டிரையரை அணைக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து புருவம் திருத்த ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் தலையில்லாமல் உட்கார்ந்திருந்த கால்சட்டையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு," என்றேன். பக்கத்தில் நின்றவரைக் காட்டித்தான் சொன்னேன். அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலை கழுவெளிக்குப் போனோம். நான் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். வாரை இழுத்துக் கட்டி, நெஞ்சில் பக்கிள் மாட்டிவிட்டார். என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். சின்ன வயதில் பாத்தியில் இறங்கி உப்புத் தண்ணீரில் கால் வெடித்தவள் நான். அன்றைக்குத் தொடை வரை தண்ணீர் நாலு பக்கமும் அழுத்தியது, ஈரம் மட்டும் தெரியவில்லை. கரையேறியதும் துணியின் மேல் தண்ணீர் மணி மணியாக உருண்டு விழுந்தது. அவர் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போகாதீங்க என்று வாய் வரை வந்தது. "பெருசா இருக்குது எனக்கு," என்றுதான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அதை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. கார் ஈசிஆரில் திரும்பும் வரை நின்றுவிட்டு, நேரே போய் பார்லரைத் திறந்தேன்.

திரும்பிப் போய் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாள் ஆற்றிலிருந்தே கூப்பிட்டார். ஃபோனை முட்டிக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினார்.

"பாத்தியா, நிக்கவே இல்ல தண்ணி!"

படம் உறைந்து வெறும் பச்சையாகத் தெரிந்தது.

"பாத்தேன். கால் எப்படி இருக்குது?"

"சில்லுன்னுதான் இருக்குது. ஆனா காஞ்சு இருக்குது. சரி, வேலை இருக்குது. வைக்கிறேன்."

"வைக்காதீங்க. கட் பண்ணாம அப்படியே பாக்கெட்ல போட்டுக்குங்க."

நெஞ்சுப் பையில் போட்டுக்கொண்டார் போல. நான் என் ஃபோனைக் கண்ணாடி முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, ஒருத்திக்குப் புருவம் திருத்த நூல் போட ஆரம்பித்தேன். தண்ணீர் சலசலத்தது. நடுவில் அவர் இருமினார். யாரிடமோ இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"வெளிய மழையாக்கா?" என்றாள் நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள்.

"இங்க இல்லம்மா," என்றேன்.