விருச்சிகத்துச் சீட்டு

வெர்னா லஹ்தியிடம் டாரட் சீட்டுப் பார்க்கக் கோடையில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் பனிக்காலத்தில் வருவார்கள், அதுவும் தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில், சுரங்கமெல்லாம் மூடிப்போன சின்ன ஊர் அது. யார் வாசலில் யார் வண்டி நிற்கிறது என்பதை அங்கே மறைக்க முடியாது.

வெர்னா சீட்டை மட்டும் வைத்துப் பலன் சொல்ல மாட்டாள். சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, வெளியே என்ன பருவம் நடக்கிறது, எல்லாம் சேர்த்துத்தான் சொல்வாள். ராசிக்கு ஒரு சீட்டு உண்டு: துலாத்துக்கு நீதி, கடகத்துக்குத் தேர், விருச்சிகத்துக்கு மரணம். எலும்புக்கூடு ஒன்று குதிரைமேல் வரும் அந்தச் சீட்டு விழுந்தால் வந்தவர் முகம் வெளுத்துவிடும். வெர்னா உடனே அவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"பயப்படாதீங்க, இது சாவு இல்லே. அந்த மேப்பிள் மரத்தைப் பாருங்க. இலை கொட்டிடுச்சுன்னா மரம் செத்தா போச்சு? பழசு ஒண்ணு முடியுது, அவ்வளவுதான்."

வருஷக்கணக்காக இதே பேச்சு. ஒரே ஒரு தடவைதான் சொல்லாமல் விட்டாள்.

அடுத்த வீட்டு ஒடீல் அவளைப் போலவே கணவனை இழந்தவள். தினமும் காலையில் பின்கதவு வழியாக வந்து காபி குடிப்பாள், சீட்டுக்கட்டைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொண்டு, "உன் பிசாசை எடுத்து உள்ளே வைடி" என்பாள். அந்த ஒடீலை ரஸ் என்று ஒருவர் சிரிக்க வைக்க ஆரம்பித்தார். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் குளிரெல்லாம் போதும், வீட்டை விற்றுவிட்டு என்னோடு பாலைவனத்து டூசானுக்கு வா என்று கூப்பிட்டார்.

செப்டம்பர் கடைசி, மேல்நாட்டுக் கணக்கில் சூரியன் துலாத்தில் நுழையும் வாரம். ஒடீல் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சிரிக்காதேடி. எனக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டுச் சொல்லு."

"உங்க சர்ச் ஃபாதருக்குத் தெரிஞ்சா?"

"ஃபாதரா ரஸ்ஸோட டூசானுக்குப் போகப் போறார்? போடுடி."

பருவத்துக்கு ஒன்றாக நாலு சீட்டு வைத்தாள் வெர்னா. இலையுதிர் காலத்துக்கு இரண்டு கிண்ணம், பனிக்குத் தேர், வசந்தத்துக்கு மரணம், கோடைக்குச் சூரியன். துணை, பயணம், பழைய வாழ்க்கையின் முடிவு, வெயில். நாலும் ஒரே குரலில் "போ" என்றன. ஆனால் ஒடீலின் கண் எலும்புக்கூட்டின் மேலேயே நின்றது.

"நான் நவம்பர்ல பொறந்தவ. இது என் ராசிச் சீட்டுதானே? யாரு போகப் போறா? நானா, அவனா? அவனுக்கு இதயத்துல ஆபரேஷன் ஆச்சே."

மேப்பிள் மரத்தைப் பற்றிய பேச்சு வெர்னாவின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, ஒடீல் வீட்டை யாராவது கோடைவாசிகள் வாங்கி, மிச்ச மாதமெல்லாம் பூட்டி வைத்திருப்பது கண்முன் வந்தது. பனி வாசலை மூடும் நாட்களில் பேசுவதற்கு யார் இருப்பார்கள்? வெர்னா பெருமூச்சு விட்டாள்.

"வசந்தம் தாண்டட்டும், ஒடீல். அவசரப்படாதே."

பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிற்பாடு அதுதான் அவளை அதிகமாக அரித்தது.

முதல் பனி விழும்வரை காத்திருந்துவிட்டு ரஸ் தனியாகப் போனார். ஞாயிறுதோறும் போன் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. ஏப்ரலில், அங்கேயே ஒரு பெண்ணோடு இருப்பதாகத் தகவல் வந்தது. ஒடீல் அழுது தீர்த்துவிட்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சூடாக பேஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ மட்டும் தடுக்கலேன்னா வீட்டை வித்துட்டு நடுத்தெருவுல நின்னிருப்பேன். ஒரு குளிர்காலம் பொறுக்க முடியலே அந்த ஆளுக்கு!"

வெர்னா பேஸ்டியைக் கடிக்காமல் தட்டிலேயே மூடி வைத்தாள். ஒடீலோ தேவாலயத்திலும் தபால் ஆபீசிலும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்டுப் புதிதாக ஆட்கள் வேறு சீட்டுப் பார்க்க வந்தார்கள். பனி உருகட்டும் சொல்லிவிடலாம் என்று வெர்னா நினைத்தாள். உருகியதும், லைலாக் பூக்கட்டும் என்றாள். பூத்தும் உதிர்ந்துவிட்டது.

ஜூலையில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மரணச் சீட்டு விழுந்தது. வெர்னா பழக்கதோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மரம், இலை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நிமிர்ந்தபோது பின்கதவில் ஒடீல், கையில் ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தோடு.

வந்தவள் போனதும் ஒடீல் கேட்டாள்.

"அவளுக்கு இலைன்னு சொன்னே. எனக்கு ஏன்டி சொல்லலே?"

உனக்கு வேறு இடத்தில் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒடீல் நம்பியிருப்பாள்.

"நீ போயிடுவேன்னு பயந்துட்டேன்" என்றாள் வெர்னா.

"இத்தனை நாள் அவனைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தேன். இனிமே யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டு."

"உன்னைத் திட்டிட்டு அப்புறம் யார்கிட்ட போய்ச் சொல்லி அழறது?"

கொண்டுவந்த பலகாரத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பின்கதவு திறக்கவில்லை. அந்த வருஷம் துலாம் பிறந்தபோது வெர்னா கட்டைத் தொடவே இல்லை. நவம்பரில் ஒடீலின் பிறந்தநாளன்று தானே போய்க் கதவைத் தட்டினாள்.

"உள்ளே வா, குளிர் வருது" என்றாள் ஒடீல். காபி ஊற்றி வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"போயிருந்தா ரெண்டே மாசத்துல சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்திருப்பேன்னு தோணுது. இல்லே, சந்தோஷமாவே இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கு இனிமே தெரியவே போறதில்லே. அதைத்தான்டி நீ எடுத்துக்கிட்டே."

மன்னிச்சிடு என்ற வார்த்தை வெர்னாவுக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

"ஜனவரியில பாலைவனத்தைப் பார்க்கப் போறேன். அவனுக்காக இல்லே, தனியா. விமான நிலையத்துல கொண்டுபோய் விடறியா?"

"விடறேன்."

புறப்பட்ட அன்று வழியெல்லாம் பனி. இறங்கும்போது ஒடீல் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "தண்ணிக் குழாய் உறையாம பார்த்துக்கோ."

வெர்னா தினமும் போய்ப் பார்த்துக்கொண்டாள். ஏப்ரலில் ஒடீல் வெயில் பட்டு மூக்கெல்லாம் தோல் உரிந்து, பத்து வயது குறைந்தவள் போலத் திரும்பி வந்தாள். மறுபடி காபிக்கு வர ஆரம்பித்தாள். ஆனால் இப்போதெல்லாம் முன்வாசல் வழியாக, தட்டிவிட்டுத்தான் வருகிறாள்.