மாறிப்போன கைநாட்டு

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இத்தனை வருடம் கோப்புகளோடு குப்பை கொட்டியவளுக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. ஏப்ரல் வந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பை முடிக்க வேண்டும்: போன நாட்களின் பதிவேடு, நாளுக்கொரு பெற்றோர் கையொப்பம், கடைசியில் ஆண்டு முன்னேற்ற அறிக்கை.

இந்த வருடம் என் சந்தேகம் ஒரு சின்னப் பெண் மேல் விழுந்தது. தை மாதம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. கல்வராயன் மலை மேல் இருக்கிற பிள்ளைகளை எனக்கு ஒதுக்கிவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருந்த அடிவாரத்துப் பிள்ளைகளை அவளுக்குக் கொடுத்தார்கள். நாங்களெல்லாம் முழி பிதுங்கிக் கிடக்கும்போது அவள் மட்டும் பதிவேடுகளை அடுக்கி, நூல் கட்டி, மூத்தவள் சரிபார்க்கட்டும் என்று என் மேசையில் வைத்து, "முடிச்சிட்டேன்க்கா" என்றாள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடித்த ஆளை நான் பார்த்ததில்லை. நிஜமாகவே ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு எங்காவது ஒரு கையொப்பம் விட்டுப்போயிருக்கும்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பதிவேட்டில் மாட்டினாள். பதினோரு வயதுப் பெண் குழந்தை. மூளை முடக்குவாதம், கழுத்து நிற்காது, பேச்சு வராது. அம்மா மரவள்ளி பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். நான் போன நாளெல்லாம் கைநாட்டுதான். பிப்ரவரி வரைக்கும் ஊதா மையில் கட்டைவிரல் ரேகை இருந்தது. மார்ச்சிலிருந்து கையொப்பம்! நாலெழுத்துப் பெயர், கடைசி எழுத்து மட்டும் மேலே ஏறிக்கொண்டு, எல்லா வாரமும் ஒரே மாதிரி. மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு இவளே போட்டிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அந்த ஊருக்கே போயிருக்க மாட்டாள் என்று தோன்றியது.

கேட்டேன். "அந்தம்மாவேதான் போட்டாங்கக்கா" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். கண்ணைப் பார்த்தே பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளுடையது ஒப்பந்த வேலை. மேலே ஒரு கடிதம் போனால் அத்தோடு சரி. கடிதத்தை எழுதியே விட்டேன். அனுப்புவதற்கு முன் நேரில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். கைப்பையில் அந்தப் பதிவேடும் கடிதமும் இருந்தன, குழந்தையின் ஆண்டு அறிக்கையும் இருந்தது. மூன்று வருடம் பார்த்த ஆள் என்பதால் அறிக்கையை மட்டும் நானே நிரப்பியிருந்தேன்.

அம்மா வீட்டில்தான் இருந்தார். வேலை நாளில் வீட்டில் இருக்கிறாரே, நான் வருவதை யாராவது சொல்லிவிட்டார்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். குழந்தையை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், சொல்லாம கொள்ளாம வந்துக்கிறீங்க?"

"சும்மாதாம்மா. புது டீச்சர் ஒழுங்கா வராங்களா?"

"வாராவாரம் வராங்களே. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பதிவேட்டின் பின்பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினேன். "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா, பாக்கலாம்."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். மரவள்ளிச் செடியைப் பிடுங்கப் பிடிக்கிற பிடி. நாலு எழுத்து வந்தது. கடைசி எழுத்து மேலே ஏறியது.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பாங்க? பாப்பா கழுத்த நான்தான புடிச்சிக்கினு ஒக்கார்றேன். அவளுக்கு எழுத்து அட்டையக் காட்டறப்ப எனக்கும் கண்ணு இருக்குதுல்ல? நீங்க மூணு வருசமா காட்டினதும் சேத்துதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தேனே! கடிதத்தை அங்கேயே கிழித்துப் போடலாம் போலிருந்தது. சீக்கிரம் கிளம்பிவிட நினைத்து ஆண்டு அறிக்கையை எடுத்து வைத்தேன். "இதுலயும் ஒண்ணு போட்டுடும்மா" என்று அடியில் விரலை வைத்தேன். வருடா வருடம் நான் விரல் வைக்கிற இடத்தில் அவர் கட்டைவிரலை வைப்பார்.

இந்தத் தடவை அவர் என் விரலைப் பார்க்கவில்லை. தாளை இழுத்து மேலேயிருந்து ஆரம்பித்தார். உதடு அசைந்தது. "இ... ல்... லை." அடுத்த கட்டத்துக்குப் போனார். "இல்லை." அதற்கடுத்தது.

"இன்னா டீச்சர், எல்லாத்துலயும் இல்லை இல்லைன்னு கீது?"

வேறு வழியில்லாமல் படித்துச் சொன்னேன். எழுத்தை அடையாளம் காணுதல், பொருளைப் பிடித்தல், தேவையைத் தெரிவித்தல், அழைத்தால் திரும்புதல்.

"கூப்ட்டா திரும்ப மாட்டாளா?" என்றவர், "ஏ பாப்பா" என்று கூப்பிட்டார். குழந்தையின் கண் உருண்டது. தலை ஆடி ஆடி, மெல்ல அவர் முகத்துப் பக்கம் திரும்பியது. "பொங்கலு முடிஞ்சதுலேர்ந்து திரும்புறா. தண்ணி வேணும்னா நாக்க நீட்டுறா. அத புது டீச்சர்தான் கண்டுபுடிச்சாங்க. நீங்க எப்ப வந்து பாத்தீங்க?"

தை மாதத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நிரப்பியது அது. எங்களில் பாதிப் பேர் செய்வதுதான். போகாமலே எழுதியது நான்தான்.

"போன வருசமும் இதத்தான் எழுதிக்கினு வந்து கைநாட்டு வாங்கினீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. பேனாவை மூடி, அறிக்கையின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளினார்.

"இங்கயே குந்துங்க டீச்சர். இவ கஞ்சி குடிக்கட்டும். பாத்து எழுதுங்க, அப்பால போடறேன்."